வாசகர் கேள்வி – பதில்: ராஜகாலுவேயும் வரைபடத்தின் கோடும்

கேள்வி: பசுமை-நீல உள்கட்டமைப்பு என்பது வெளிநாடுகளில் தேசியத் திட்டக் கொள்கையிலேயே இடம்பெற்றிருப்பதாகப் படித்தேன். நம் நாட்டில் அப்படி ஏதேனும் உண்டா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர் வாய்க்கால் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது. பெருமழை பெய்தால் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் மேலேறி வருகிறது.
– வாசகர் ஒருவர், ஈஜிபுரா, பெங்களூரு

பதில்: பூங்காவும் சாலையோர மரங்களும் பசுமை; ஏரி, ஓடை, வாய்க்கால் ஆகியவை நீலம். சாலையையும் குடிநீர்க் குழாயையும் போல, இவையும் நகரம் இயங்குவதற்குத் தேவையான ஒரே பிணைப்பு என்று கொள்வதே இச்சொல்லின் பொருள். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை 2012-இல் வந்தபோது, பசுமை உள்கட்டமைப்புக்கு அது தந்த வரையறையில் பசுமைவெளிகள் மட்டுமே இருந்தன. 2021-இல் நீர்ப்பரப்புகளும் சேர்க்கப்பட்டன.

நம் அரசியலமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது; அதாவது, அது பற்றிச் சட்டம் இயற்றுவது மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட நகர்த் திட்ட வழிகாட்டு நெறிகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. அவை பரிந்துரைகளே. உங்கள் தெருவைக் கட்டுப்படுத்துவது, கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டத்தின் (1961) கீழ் வகுக்கப்படும் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) தான். 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் இடைவெளி விட ஆணையிட்டது. பெருந்திட்டத்தில் இருந்ததோ 30 மீட்டர். சட்டப்படி வகுக்கப்பட்ட திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது என்று கூறி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. அகன்ற இடைவெளியை விரும்பிய எனக்கு அது வருத்தமே. ஆயினும் எதற்காகப் போராட வேண்டும் என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது: திட்ட வரைபடத்தில் உங்கள் வாய்க்காலுக்கு உரிய அகலத்துடன் கோடு இருக்க வேண்டும்.

வாய்க்கால் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஆறு இல்லாத இந்த மேட்டுநிலத்தில், ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஏரியை நிரப்பும்படி நம் முன்னோர் அமைத்தனர். ராஜகாலுவே அந்த மறுகால் நீரின் பாதை. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் ஆனபோது, ஏரிகளோடு அந்தப் பாதைகளும் அறுந்தன. உங்கள் பகுதிப் பக்கம் சென்ற மழைநாளில் ஒரு சிறு பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். குறுக்கே சென்ற குழாய் ஒன்றில் பிளாஸ்டிக் பைகளும் பழைய மெத்தை ஒன்றும் சிக்கி அணைபோல் நிற்க, அவற்றுக்கு மேல்புறம் தண்ணீர் ஒரு முழம் உயர்ந்து நின்றது. அப்படி உயரும் நீர்தான் குழாய்களின் வழியே பின்வாங்கி உங்கள் குளியலறைக்குள் வருகிறது.

வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தில் ராஜகாலுவேயின் அகலத்தைப் பாருங்கள். புதிய பெருந்திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த வரைபடத்தை இணைத்து, தெருவார் அனைவரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: ஓசூரில் இருக்கும் என் தாய்வீட்டார் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது என்கிறார்கள். இங்குள்ள ஏரிகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி ஒருவர், அல்சூர்

பதில்: உண்டு. கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்கு வருகிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் கலந்துள்ள சோப்புத்தூள் வேதிப்பொருள்கள், நீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் நுரையாக எழுகின்றன. அல்சூரில் நீங்கள் துணி அலசிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேராமல் வாய்க்காலில் கலந்தால், அது உங்கள் தாய்வீட்டு வயலுக்கே போய்ச் சேரும்.