பூச்சிமருந்து விழுங்கியவருக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பெங்களூருதானே, முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாடித் தோட்டத்து மருந்தை மாமனார் தண்ணீர் என்று ஒரு வாய் விழுங்கிவிட்டார், வியர்த்துக் கொட்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது என்கிறீர்கள். அது வெயிலால் அல்ல. நரம்புகளைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தாக இருக்கலாம். கண்ணின் பாப்பாவைப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சாதாரணமாகத் தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து சிந்திய சட்டையைக் கழற்றி, மருந்து பட்ட தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் உறை இருக்கட்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது. மயங்கினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மருந்து வந்த அசல் புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தது யார் என்ற சண்டையை அப்புறம் போடலாம்.