ஜென்னி சாவில் ஓவியங்கள்: உங்கள் கேள்விகள், பதில்கள்

கேள்வி: 'ப்ராப்ட்' ஓவியத்தின் மேல் கீறியிருக்கும் எழுத்தைப் படிக்கவே முடியவில்லையே, ஏன்?

கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும், இடவலம் மாற்றி எழுதியது. பெண்ணியச் சிந்தனையாளர் லூஸ் இரிகாரேயின் வரிகள் அவை. 1992இல் கிளாஸ்கோ கலைக்கல்லூரிப் படிப்பை முடிக்கும்போது பிரிட்டன் ஓவியர் சாவில் வரைந்த ஓவியம் இது. ஏறத்தாழ 213 × 183 செ.மீ. உயரமான முக்காலியில் உட்கார்ந்திருப்பவளின் விரல்களைக் கவனியுங்கள். தன் தொடையையே அழுத்திப் பிடித்திருக்கின்றன, சதை பிதுங்குகிறது. அழகாக இருக்கிறாளா என்று அளக்க வருகிற கண்ணுக்கு அந்தப் பிடிதான் பதில் என்பேன்.

கேள்வி: 'ப்ளான்' ஓவியத்தில் உடம்பு முழுக்க வளையக் கோடுகள் எதற்கு, ஐயா?

மலை வரைபடத்தில் உயரம் காட்டும் கோடுகள் போலவும், கொழுப்பு எடுக்கும் அறுவைக்கு முன் மருத்துவர் போடும் குறிகள் போலவும் அவை தெரியும். 1993இல் வரைந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் செய்த அறுவைகளை நேரில் நின்று பார்த்தார். 2004இல் வரைந்த 'பாஸேஜ்' ஒரு திருநங்கையின் உடல்; மார்பையும் ஆணுறுப்பையும் ஒளிக்காமல், பார்ப்பவருக்கு நேரெதிரே வைத்தார்.

கேள்வி: அவரைப் போலத் தடித்த வண்ணத்தில் முயன்றேன். தோல், சுண்ணாம்பு அடித்த சுவர் போல வருகிறது. நிழல் சேறாகிவிடுகிறது.

சுண்ணாம்புக்குக் காரணம் டைட்டானியம் வெள்ளை. கொஞ்சம் போட்டாலே நிறத்தை விழுங்கி, குளிர்ச்சியாக்கிவிடும். முதலில் வெள்ளையே இல்லாமல் நடு நிறத்தைக் கலந்துகொள்ளுங்கள். மாநிறத் தோலுக்குப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 3 பாகம், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 2 பாகம், அல்ட்ராமரீன் (அடர்நீலம்) அரைப் பாகத்தில் தொடங்கலாம். வெளிச்சப் பகுதிக்கு முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள், பிறகே துளி வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனோடு அலிசரின் சிவப்பு போதும்.

சேறு வேறு சங்கதி. ஈரமான வண்ணத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தூரிகையை ஓட்டினால் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும். சாவில் நிறங்களை முன்கூட்டியே கலந்து கிண்ணங்களில் வைத்துக்கொள்பவர். நீங்களும் ஐந்து சாயல்களைத் தனித்தனியே கலந்து, சாயலுக்கு ஒரு தூரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை வையுங்கள், தொடாமல் விடுங்கள். முழங்காலில் சிவப்பும் விலா ஓரத்தில் பச்சைச் சாயலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போதுதான் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது தெரியும்.

கேள்வி: நான் வரைந்த ஓவியத்தில் ஆறு மாதத்தில் வெடிப்பு விழுந்துவிட்டது, சார்.

அடியில் எண்ணெய் அதிகமும் மேலே குறைவுமாக இருந்திருக்கும். மேல் அடுக்கு முந்திக் காய்ந்து இறுகிவிடும், அடியிலுள்ளது பிறகும் அசையும், அப்போது பிளக்கும். முதல் அடுக்கை டர்பன்டைனில் நீர்க்க இடுங்கள். ஆளிவிதை எண்ணெயை மேலே போகப் போகக் கூட்டுங்கள். ஓவியத்துணி கட்டும் ஆறடிச் சட்டத்துக்கு நடுவில் குறுக்குக் கட்டை கட்டாயம். இல்லையென்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், துணி தொய்யும்.

கேள்வி: விலை?

'ப்ராப்ட்' 2018 அக்டோபரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் சுமார் 95 லட்சம் பவுண்டுக்குப் போனது. உயிரோடிருக்கும் பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை கிடைக்காத விலை.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணியைக் குப்பைக்கூடையில் போடலாமா?

கூடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். கசக்கிப் போட்ட துணி தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.