கடைசி வாங்கில் இருக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு நித்திரை இல்லை, கோயிலில் சொன்னால் 'விசுவாசம் காணாது' என்பார்கள் என்று பயந்து, சிரித்தபடி போய்வருவதாக எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சியில் நானும் அப்படித்தான் இருந்தேன். பாடகர் குழுவில் முன்னுக்கு நின்று பாடுவேன். வெளியே வெடி கொளுத்தினால் பாட்டுப் புத்தகம் கையில் நடுங்கும். பக்கத்தில் நின்ற அக்கா ஒருநாள் ஒன்றும் கேட்காமல் புத்தகத்தின் மற்றக் கரையைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிய, வேப்பமரத்தடியில் அவருக்கு மட்டும் சொன்னேன். அவருக்கும் நித்திரை இல்லையாம்!

எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை, அப்படி ஒராளைப் பாருங்கள். திருப்பாடல் 88ஐ வாசியுங்கள். இருளிலேயே முடிகிற செபம், அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. அப்புறம், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கும் போங்கள். நான் போனேன். இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு அடித்தால் தமிழிலும் கதைப்பார்கள்.