மரபணுவும் ஜீனோமும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): மரபணு, குரோமோசோம், ஜீனோம் ஆகிய மூன்றும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. நம் செல்களில் பெரும்பாலானவற்றின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் 46 உள்ளன. புரதங்களின் மீது சுற்றிச் சுருண்டிருக்கும் அத்தகைய ஓர் இழையே குரோமோசோம். அந்த இழையில், பெரும்பாலும் ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதி மரபணு. புரதத்துக்கான மரபணுக்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. இவையும் இவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளும் சேர்ந்த முழுமையே ஜீனோம். இடைப்பட்டவை அனைத்தும் வெறும் குப்பை என்று எங்கேனும் படித்தால் நம்பிவிட வேண்டாம். எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி (மாணவர்): ரத்தச் சிவப்பணுவிலும் டி.என்.ஏ. உண்டா?

பதில்: முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. ரத்தத்தைக் கொண்டு செய்யப்படும் மரபணுப் பரிசோதனைக்கு வெள்ளையணுக்களே உதவுகின்றன.

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும்? வகுப்பில் சொல்ல எடுத்துக்காட்டு வேண்டும்.

பதில்: டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்திருக்கும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களையே (வேதிப்பொருள்களையே) ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளாகக் குறிக்கிறோம். ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் ஒன்று மாறினால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஆனால் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ஜிஏஜி என்னும் மூவெழுத்து ஓரிடத்தில் ஜிடிஜி என மாறும்போது, அந்தப் புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்துவிடுகிறது. அதன் விளைவாக, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, வட்டமான சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைத்துவிடுகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு அரிவாள் செல் சோகை உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. இந்தப் பிற்பகுதியைத் தவறாமல் சொல்லுங்கள். மரபணுக்களை நல்லவை, கெட்டவை என்று பிரிக்க முடியாது என்பது மாணவர்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

கேள்வி (பெற்றோர்): கணிதத் திறமைக்கான மரபணு என் மகனிடம் உள்ளதா என்று பரிசோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு தனி மரபணு இல்லை. அளவுகோலால் அளந்துவிடக்கூடிய உயரத்தோடு தொடர்புடைய மாற்றங்களே 12,000க்கும் மேற்பட்டவை என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது; உணவும் நோயும் அதற்கு மேல். கற்பித்தலும் பயிற்சியும் இவ்வளவு பங்கு வகிக்கும் ஒரு திறமையை எச்சிலைச் சோதித்துக் கணிக்க முடியாது.

கேள்வி (மாணவி): மனித ஜீனோம் 2003இலேயே முழுமையாகப் படிக்கப்பட்டதா?

பதில்: 1990இல் தொடங்கிய திட்டம் 2003இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோதும், ஏறத்தாழ 8 விழுக்காடு எஞ்சியிருந்தது. ஒரே வரிசை மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளில், படித்த சிறு துண்டு எந்த இடத்துக்கு உரியது என்று தீர்மானிக்க இயலவில்லை. நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022இல் அந்த இடைவெளிகள் நிரப்பப்பட்டன. ஒய் குரோமோசோமின் முழு வரிசை 2023இல் வெளியானது.