காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது ஏன்?

வைரஸ் காய்ச்சல் குணமாகி மூன்று மாதம் ஆன பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, மூக்கும் கன்னமும் கருத்துவிட்டன, இவை பழையபடி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். சிக்குன்குனியாவுக்குப் பின் இதே நிலையைக் கடந்து வந்தவன்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது எனக்கு முடி உதிரவே இல்லை. உடல் தேறி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் தலையணையிலும் சீப்பிலும் முடி சேரத் தொடங்கியது என்பதால், பழியைத் தண்ணீர் மீதும் ஷாம்பு மீதும் போட்டு, எண்ணெயை இரண்டு முறை மாற்றினேன். தோல் மருத்துவரோ தலையைப் பார்ப்பதற்கு முன் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அதன் குறுக்கே மெல்லிய பள்ளம் ஒன்று இருந்தது. காய்ச்சலின்போது நக வளர்ச்சி தடைப்பட்ட தடம் அது. கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால், பள்ளம் நகர்ந்திருக்கும் தொலைவை வைத்தே நோய் வந்த காலத்தை ஏறக்குறையக் கணித்துவிடலாம் என்றார்.

முடியிலும் நடப்பது இதுதான். பொதுவாகத் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் வளராமல் ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகிறது; அவை இரண்டு மூன்று மாதம் வேரிலேயே தங்கியிருந்து, பிறகு மொத்தமாக உதிர்கின்றன. முடி முளைக்கும் வேர்ப்பை அழிவதில்லை. உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் அடங்கும். ஆனால் புதிய முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால் பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். எனக்கு அந்தக் காத்திருப்புதான் உதிர்வைவிடக் கடினமாக இருந்தது.

சிக்குன்குனியாவுக்குப் பின் மூக்கு கருப்பது பலரிடம் காணப்படுவதே. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மெல்ல மங்கும். வெளுப்பாக்கும் களிம்புகளை நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம்.

பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். உடலில் அதன் குறைபாடு இல்லாதவருக்கு அது பெரிதாக உதவுவதில்லை. தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையும் அது பிறழச் செய்யும். அதற்குப் பதிலாக இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்வது பயன்தரும். காசு அளவில் வட்டமாக முடி கொட்டினாலோ, உச்சந்தலையில் எரிச்சலும் செதிலும் இருந்தாலோ, ஆறு மாதம் கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ காரணம் வேறாக இருக்கலாம்; அப்போது தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.