காட்பாடி டர்ஃபில் தம்பிக்குக் கால் முறிவு: கையெழுத்துப் போட்டிருந்தாலும் இழப்பீடு கேட்கலாம்

காசு கட்டி ஆடும் செயற்கைப் புல் மைதானத்தில் (டர்ஃப்) கிழிந்த விரிப்பில் கால் மாட்டி உங்கள் தம்பி விழுந்ததற்கு இழப்பீடு கேட்க முடியுமா என்றால், முடியும். ஆடும் முன் அவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விடாது. ‘காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று டர்ஃப் நடத்துபவர்கள் அந்தப் படிவத்தில் காட்டும் வரி, கிழிந்த விரிப்பைச் சரிசெய்யாத அலட்சியத்தை மறைக்காது. காசு வாங்கித்தானே தம்பியை ஆடவிட்டார்கள்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்றே கேட்கலாம்.

விரிப்பின் இணைப்பு பிரிந்து எழும்பிய ஓரத்தில் ஷூ முனை மாட்டியிருக்கும். இன்றே போய் அதன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், நாளைக்கே ஒட்டிவிடுவார்கள். அப்புறம், சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் இரண்டும் கையில் இருக்கட்டும்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். ஆனால் எதிரணி ஆள் மோதி விழுந்திருந்தால் வழக்கு நிற்பது கடினம். அது ஆட்டத்தோடு வரும் ஆபத்து.