அழாத அப்பாவைப் பற்றிய குறும்படம்: கேட்டவர்களுக்குப் பதில்

செங்கோட்டைக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் எங்கள் தெருவிலேயே வைத்து 11 நிமிடம் ஓடும் ஒரு குறும்படம் எடுத்தேன். ஒரு அப்பா, ஒரு வீடு, ஒரு கடை, அவ்வளவுதான். சீனி வாங்கிவரச் சொல்லி அப்பா மகனைக் கடைக்கு அனுப்புகிறார், ரோட்டில் லாரி மோதி அவன் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு வருடம் கழித்து வரும் ஒரு காலைப்பொழுதுதான் படம். பார்த்தவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, அப்பா ஒரு இடத்தில்கூட அழவில்லை. ஆனாலும் நெஞ்சை அடைத்தது. எப்படி எழுதினீர்கள்? (கம்பத்திலிருந்து)

முதலில் எழுதியதில் அழுதார் தம்பி. மகன் போட்டோ முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கம் பேசினார். நடிக்க வந்த பெரியவர் எங்கள் ஊர் டெய்லர், வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்படிப் பேச முடிஞ்சா பாதி பாரம் இறங்கிடுமேப்பா" என்றார். அன்றைக்கே அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். துக்கம் என்றால் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள், 'நான்தானே அனுப்பினேன்' என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சரி, அப்படிப்பட்ட மனிதர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். யாரையும் ஒரு வேலைக்கும் அனுப்ப மாட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் தானே எழுந்து போவார், பக்கத்து வீட்டுப் பையன் "நான் வாங்கிட்டு வரேன் மாமா" என்று கையை நீட்டினால் பையைக் கொடுக்காமல் விறுவிறுவென்று நடந்துவிடுவார். இதையே மூன்று தடவை காட்டினேன். காரணம் ஒன்பதாவது நிமிடத்தில்தான் வரும், அதுவும் கடைக்காரர் வாயால், "அன்னைக்கும் கால் கிலோதான்" என்று ஒரே வரி.

அம்மா பாத்திரம் மலையாளம் பேசலாமா? (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

தாராளமாக. மலைக்கு அந்தப் பக்கம் பெண் எடுக்காத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. என் படத்தில் அம்மாவுக்குப் புனலூர். வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடம் ஆனதால் எல்லாம் தமிழில்தான் பேசுவார், தூக்கத்தில் மட்டும் "மோனே" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு சப்டைட்டில் போடவில்லை.

செல்போனில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. என்ன செய்வது? (களியக்காவிளையிலிருந்து)

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று வைத்துப் பூட்டிவிடுங்கள், பட்டை போய்விடும். போன் தானாக மாற்றிக்கொள்ள விடாதீர்கள். முடிந்தால் டியூப்லைட்டையே அணைத்துவிட்டு ஜன்னலை நம்புங்கள். நாங்கள் ஆடி மாதம் எடுத்தோம், சாரல் மேகம் மூடியிருந்ததால் பகல் முழுக்க ஒரே வெளிச்சம். ஆனால் தகரக் கூரையில் தூறல் விழுந்தால் வசனம் கேட்காது, ஓட்டு வீடாகப் பாருங்கள்.

பின்னணி இசை ஏன் வைக்கவில்லை?

வைத்துப் பார்த்தேன். இந்த இடத்தில் நீ வருத்தப்படு என்று பார்ப்பவரைப் பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. அதை எடுத்துவிட்டு, எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, காலியான வீட்டின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தோம். பகவதிபுரம் தாண்டி மேடேறும் ரயிலின் ஹார்ன் அதில் தூரத்தில் விழுந்திருந்தது, அதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கே அனுப்பலாம்?

கேரள அரசின் சலச்சித்ர (திரைப்பட) அகாடமி திருவனந்தபுரத்தில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனி விழா நடத்துகிறது, நமக்குப் பக்கம். ஆஸ்கரில் 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆனால் இப்படிப்பட்ட கதை 15 நிமிடத்தைத் தாண்டினால் தளர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் நிஜமாகவே நடந்த சாவு. அதை எடுக்கலாமா அண்ணே? (செங்கோட்டையிலிருந்து)

என் கதைக்கும் விதை அப்படி ஒரு வீடுதான் தம்பி. எப்படி இறந்தது, என்ன வயது, எல்லாவற்றையும் மாற்றினேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. படப்பிடிப்புக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய் முழுக் கதையையும் சொன்னேன், வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பேன். எடிட் முடிந்ததும் முதலில் அந்த வீட்டு அக்காவுக்குத்தான் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். வாசலில் பையனின் செருப்பு கிடக்கும் ஷாட் ஒன்று இருந்தது, "அது மட்டும் வேண்டாம்ப்பா" என்றார். எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் வெறும் வாசற்படி மட்டும், ஐந்து நொடி.